டாக்டர் முத்துலட்சுமி கண்ட குழந்தைத் தாய்மார்

நோயாளியின் இரகசியத்தை வைத்தியர் வெளியே சொல்லலாகாது. பழைய தர்மம் அது. ஆனால் ஒரு சிறுமியின் உடம்பே அவளுக்கு நேர்ந்த கொடுமையைக் காட்டினால், டாக்டர் என்ன செய்வது? வாய்மூடி இருப்பதா?

வாய்மூடி இருக்கவில்லை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி!

புதுக்கோட்டையில் 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி பிறந்தார். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டிக் கோவிலுக்கு விடுவதன் வேதனையை முத்துலட்சுமி யாரிடமும் கேட்டு அறிய வேண்டியதில்லை.

ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. மகாராஜா இடம் கொடுத்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் டாக்டர் பட்டம்!

பொம்மை வைத்து விளையாடும் வயது

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் பார்த்தார். பொம்மை வைத்து விளையாட வேண்டிய வயதில் சிறுமிகள் பிரசவத்துக்கு வந்தார்கள். இடுப்பெலும்பு முற்றாத உடம்பு. கழுத்தில் தாலி இருந்தது. ஆகவே அதைக் கொடுமை என்று யாரும் சொல்லவில்லை. 1925-ல் திருத்திய சட்டப்படிகூட, மனைவிக்கு 13 வயது நிரம்பிவிட்டால் கணவன்மீது குற்றம் இல்லை. பிறகு யாரிடம் போய்ப் புகார் செய்வது?

சட்டசபைதான் வழி. 1927-ல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவர் ஆனார் அம்மையார். டாக்டராகத் தாம் கண்டதை எடுத்துச் சொன்னார். எந்த வீட்டுப் பெண் என்று சொல்ல வேண்டுமா, என்ன? வயதையும் வேதனையையும் சொன்னால் போதாதா?

1929-ல் சாரதா சட்டம் வந்தது. பெண்ணின் திருமண வயது 14 ஆயிற்று.

பொட்டுக்கட்டுவதை ஒழிப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. சத்தியமூர்த்தி எதிர்த்தார். தாசிகளிலும் பலர் எதிர்த்தார்கள். பிழைப்புக்கு என்ன வழி என்று அவர்கள் கேட்டது நியாயந்தானே! கோவில் ஊழியம் செய்யாமலே மானிய நிலத்தை அவர்கள் வைத்துக்கொள்ள 1929-ல் சட்டம் திருத்தப்பட்டது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் சட்டம் 1947-ல்தான் நிறைவேறியது.

அன்று திருவிதாங்கூரில் இருந்த நாஞ்சில் நாட்டிலும் இவ்வழக்கம் உண்டு. சுசீந்திரம் கோவிலில் தேவதாசிகள் இருந்தார்கள். அங்கே 1930-ல் அது ஒழிந்தது.

அதே 1930-ல் தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் சிலர் அடைக்கலம் கேட்டு அம்மையாரிடம் வந்தார்கள். விடுதியில் இடம் கிடைக்கவில்லை. தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் பிறந்த கதை அது.

அடையாற்றுப் புற்றுநோய் ஆஸ்பத்திரியும் அவர் முயற்சியே. 1968 ஜூலை 22-ந் தேதி காலமானார்.

இன்று சட்டம் என்ன?

2012-ல் போக்சோ சட்டம் வந்தது. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே தீர வேண்டும். ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரி டாக்டரானாலும் சரி, தெருமுனைக் கிளினிக் டாக்டரானாலும் சரி. மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அவசர சிகிச்சைக்கு முன்னால் போலீஸ் கடிதம் கொண்டுவா என்று ஆஸ்பத்திரி கேட்கக் கூடாது. பிள்ளையின் பெயரைப் பத்திரிகை போடக் கூடாது.

ஊர் அறிந்துவிடுமே என்று அஞ்சி, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கண்ட இடத்தில் கருவைக் கலைக்கப்போய் உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொள்வோர் உண்டு. சுப்ரீம் கோர்ட்டு 2022-ல் இதற்கு வழி சொன்னது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயர் வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு உதவி கேட்க டெலிபோன் எண் 1098. காசு கிடையாது.