மருந்துக்கு வரம்பு கண்ட இராம்நாத் சோப்ரா

பால் திரிந்தால் நாக்கு காட்டிக் கொடுக்கும். குப்பியில் அடைத்த மருந்து போலியானால் நோயாளியால் அறிய இயலாது. ஆகவே மருந்தைச் சோதித்தறிவது அரசின் கடமை என்னும் கொள்கை நம் நாட்டில் வேரூன்ற உழைத்தோருள் தலையாயவர் சர் இராம்நாத் சோப்ரா. அவர்தம் வாழ்வை ஈண்டு சுருக்கமாகக் காண்போம்.

இன்று பாகிஸ்தானில் உள்ள குஜ்ரன்வாலாவில் 1882-ஆம் ஆண்டு பிறந்த சோப்ரா, லாகூரிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்றார். 1908-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1921-இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் மருந்தியல் பேராசிரியரானார். நம் மூலிகைகளை ஆய்வுக்கூடத்தில் முறைப்படி சோதித்து, அவற்றின் மெய்ப்பயனை உலகறியச் செய்தார்.

அந்நாளில் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினாவே கண்கண்ட மருந்து. அதிலும் கலப்படம் மலிந்தது. மருந்து உண்டோம் என்று நம்பியிருந்த ஏழைகளை அக்கலப்படம் நோயின் வாயிலேயே விட்டுச் சென்றது. மருந்துகளின் தரத்தை வரையறுக்கச் சட்டம் வேண்டுமென 1927-இல் மத்திய மேல்சபையில் சர் ஹாரூன் ஜாபர் தீர்மானம் கொணர்ந்தார். 1930-இல் அரசு அமைத்த மருந்து விசாரணைக் குழுவிற்குச் சோப்ரா தலைவரானார். நாடெங்கும் சான்று திரட்டிய அக்குழு மறு ஆண்டே அறிக்கை அளித்தது. நாடு முழுமைக்கும் ஒரே சட்டம், அரசுச் சோதனைக்கூடங்கள், மருந்தாளுநர்க்கு முறையான பயிற்சி ஆகியன வேண்டுமென அது வற்புறுத்தியது.

பரிந்துரை சட்டமாக ஒன்பது ஆண்டுகள் கடந்தன. இதற்கிடையே, 1937-இல் அமெரிக்காவில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுத் திரவத்தில் கரைத்து விற்கப்பட்ட மருந்தொன்று நூற்றுக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. 1940-இல் இங்கு மருந்துச் சட்டம் நிறைவேறியது. பின்னர் அழகுப் பொருள்களையும் அது தன் வரம்பிற்குள் கொணர்ந்தது.

1941-இல் கல்கத்தாவில் ஓய்வு பெற்ற சோப்ரா, காஷ்மீர் சென்று மருந்தாய்வைத் தொடர்ந்தார், 1973-இல் மறைந்தார்.

எனினும் அவர் தொடங்கிய பணி முடிந்துவிடவில்லை. 2025-இல் நம் தமிழகத்தில் ஆக்கப்பட்ட இருமல் மருந்தொன்றில் அதே நச்சுத் திரவம் கலந்திருந்தது. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். சட்டம் ஏட்டில் இருந்தது. சோதிக்க வேண்டிய கண்கள் உறங்கின.

மாணவச் செல்வங்களே! கம்மாபுரத்துக் கடையில் நாம் வாங்கும் சிறு குப்பியிலும் உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியன பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றைப் படித்துப் பார்த்து வாங்குவோம். நாளை உங்களுள் ஒருவர் மருந்து ஆய்வாளராகலாம். மற்றொருவர் மருந்து ஆக்குவோராகலாம். முகமறியாத ஒரு குழந்தையின் உயிர் தம் கையெழுத்தில் அடங்கியிருப்பதை அவர்கள் மறவாதிருப்பார்களாயின், சோப்ராவின் உழைப்பு வீண்போகாது.