டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையார்

தொண்டைமான் மன்னர் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானம் பரப்பிற் சிறியதாயினும், பெருமக்கள் பலரை நாட்டிற்கு ஈந்தது. அவருள் முத்துலக்ஷ்மி அம்மையாரை அறியாதார் இலர். சென்னைச் சட்டசபையில் உபதலைவராய் வீற்றிருந்தவர் என்றும், தேவதாசி வழக்கத்தை ஒழிக்கப் போராடியவர் என்றும், அவ்வை இல்லம் கண்டவர் என்றும் பள்ளிச் சிறுவரும் கூறுவர். அவர் மருத்துவர் என்பதை மட்டும் பெயருக்கு முன் நிற்கும் டாக்டர் என்னும் ஒரு சொல்லளவில் விட்டுவிடுவர். யானோ அவ்வொரு சொல்லைப் பற்றியே எழுதத் துணிந்தேன். கத்தி பிடிக்கக் கற்ற அவ்வம்மையார், கத்தியால் ஆவதொன்றில்லை என்று கைவிடப்பட்ட நோயாளர்க்கு, அவருள்ளும் வாயும் கன்னமும் தாடையும் புற்றால் அழிந்த ஏழை மக்களுக்கு, ஓரிடம் தேடித் தந்த வரலாறு பலரால் ஓரிரு வரிகளிற் சொல்லி முடிக்கப்படுகின்றது. அது முடிவதற்கோ முப்பது ஆண்டுகட்கு மேற் சென்றன.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் தலைவராயிருந்தவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபினர். அம்மணத்தின் பொருட்டு ஐயரை அவர் சுற்றத்தார் விலக்கினர். பெண் பருவமெய்தினால் பள்ளியினின்று நிறுத்திவிடும் அக்காலத்தில், மகள் வீட்டிலிருந்தே கற்குமாறு தந்தையார் வகை செய்தார். 1902-இல் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் அவர் தேறினார். மேற்படிப்புக்கோ, ஊரில் ஆடவர் கற்கும் மகாராஜா கல்லூரி ஒன்றே உண்டு. மனுச் செய்தபோது எதிர்ப்பு எழுந்தது. ஆண் மாணாக்கரிடையே ஒரு பெண் அமர்வதா என்பது வெளிப்படையாய்ச் சொன்ன காரணம். தாயார் பிறந்த குலத்தைச் சுட்டி, அக்குலத்து மகளால் மாணாக்கர் கெடுவர் என்றும் சொல்லப்பட்டது. கற்றோர் வாயினின்று இப்பேச்சு வந்ததென்பதை நினைக்க இன்றும் நாணம் உண்டாகின்றது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதனைச் செவிக்கொள்ளாது, மாணவியைச் சேர்க்குமாறு ஆணையிட்டார். அம்மையார் பிறந்த அதே ஆண்டிற் பட்டமெய்தியவர் அம்மன்னர். 1904-இல் அம்மையார் அங்கே சேர்ந்து, மாணாக்கர் கண்ணிற் படாவண்ணம் திரைமறைவில் இருந்து பாடங் கேட்டார். இன்று மன்னர் கல்லூரி எனப்படுவது அக்கல்லூரியே.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி புகுந்தார். அங்கே கற்ற முதற்பெண் இவரே என்று சிலர் எழுதுவது பிழை. 1875-லேயே மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாதும் வேறு மூவரும் அக்கல்லூரியிற் சேர்க்கப்பட்டனர். 1878-இல் நம் கிறிஸ்தவ சமூகத்துக் கிருபாபாய் அம்மையாரும் அங்கே கற்கத் தொடங்கி, உடல்நலங் குன்றியமையால் இடையில் நிறுத்தினார். இல்லாத சிறப்பைச் சேர்ப்பதால் முத்துலக்ஷ்மி அம்மையாரின் பெருமை வளர்வதன்று. ஆடவர்க்கே உரிய துறையென்று கருதப்பட்ட சத்திர சிகிச்சையில் அவர் முன்னணியில் நின்றதும், பரிசுகளும் பதக்கங்களும் பெற்று 1912-இற் பட்டம் பெற்றதும், பின்னர்ச் சென்னை அரசினர் மகப்பேற்று மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன் பதவி ஏற்றதும் போதியன.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். தம்மைச் சமமாக நடத்துதல் வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றல் கூடாது என்னும் உறுதிமொழியைப் பெற்ற பின்னரே அம்மையார் இசைந்தார். ரெட்டியார் அவ்வுறுதியை வாழ்நாள் முழுதும் காத்தார்.

இனி, வாழ்வின் திசையைத் திருப்பிய துயரத்தைக் கூறுவாம். 1923-இல் அம்மையாரின் தங்கை புற்றுநோயால் இறந்தார். நோய் இன்னதென்பது உரிய காலத்தில் தெளியப்படவில்லை. தெளிந்தபோது செய்யத்தக்கது யாதுமில்லை. மருத்துவம் அறியாத தமக்கையாயின் விதியென்று அழுது ஆறியிருப்பார். இவரோ மருத்துவர். அக்காலத்துப் புற்றுநோயாளர் நிலை மிக இரங்கத்தக்கது. நோய் தொற்றுமென்று அஞ்சி உற்றாரே தனியே ஒதுக்குவர். மருத்துவமனையிலோ, தீராத நோயர்க்குக் கட்டில் தந்தால் தீரும் நோயர்க்கு இடமில்லாமற் போகுமே என்பர். வீட்டிலும் இடமில்லை, மருத்துவமனையிலும் இடமில்லை என்னும் இந்நிலையே அம்மையார் உள்ளத்தைக் குடைந்தது.

ஆயினும் உடனே அப்பணியில் இறங்க இயலவில்லை. 1925-இல் மேற்பயிற்சிக்கு லண்டன் சென்றார். மீண்டபின் சட்டசபை அழைத்தது, 1927-இல் உபதலைவரானார். தேவதாசியரின் மானிய நிலங்களைக் கோயிற் பணியினின்று விடுவித்த சட்டம் 1929-இல் நிறைவேறியது. 1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது பதவியைத் துறந்தார். அவ்வாண்டே ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் தோன்றியது. இவை யாவரும் அறிந்தன.

1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரி தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடியது. அவ்விழாவில் அம்மையார் எழுந்து, புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென்றார். விழா முடிந்தது, வேண்டுகோள் அந்தரத்தில் நின்றது. பின்னர்ப் போர் வந்தது, விடுதலையும் வந்தது. ஆட்சி மாறியபின்னும் அரசினர் இசையவில்லை. தீர்க்க முடியாத நோய்க்குப் பொருளைச் செலவிடுதல் தக்கதோ என்பது அவர்தம் கருத்து. பசியும் காலராவும் அம்மையும் வாட்டிய நாட்டில் அக்கருத்தை முற்றும் பழித்தல் நேர்மையன்று. ஆனால் தீராது என்று சொல்லி ஆராயாதிருந்தால் என்றைக்குத் தீரும் என்னும் வினாவிற்கு அவர்பால் விடையில்லை. 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் நிதி திரட்டலாயினர். அறுபது கடந்த அம்மையார் செல்வர் இல்லங்களின் வாயில்தோறும் சென்று கேட்டார். 1952 அக்டோபரில் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் நாள் அடையாற்றில் மருத்துவமனை திறக்கப்பட்டது. பன்னிரண்டே கட்டில்கள். அம்மையாருக்கு அப்போது வயது அறுபத்தேழு.

அங்கே வந்த நோயாளர் யாவர்? பெண்களுட் பலர் கருப்பை வாய்ப் புற்றுடையோர். ஆடவரும் பெண்டிருமாய் மிகப் பலர் வாய்ப் புற்றுடையோர். நம் நாட்டார் வெற்றிலை பாக்குச் சுண்ணாம்புடன் புகையிலையைச் சேர்த்துக் கன்னத்துக்கும் கீழ்த்தாடைக்கும் இடையே அடக்கிக்கொள்ளும் வழக்கத்தை யாம் நாடோறும் காண்கின்றோம். வயலில் நடவு நடுவோர்க்கும் சுமை தூக்குவோர்க்கும் அது பசி மறக்கும் மருந்து. அடக்கிய அதே இடத்திற் புண் தோன்றும். நோவு குறைவாகலின் பொருட்படுத்தார். புண் ஈற்றைத் தின்று எலும்பிற் புகும், பல் ஆடும், வாய் திறவாது. முடிவில் யாரும் அடியாமலே தாடை முறிவதும் உண்டு.

தாடையைப் பண்டையோர் கொடிறு என்றனர். வள்ளுவர் அச்சொல்லை ஆண்டது, கொடிற்றை உடைப்பார்க்கன்றிப் பிறர்க்கு ஒன்றும் ஈயாத கயவரைச் சொல்லுமிடத்து. அடியினால் உடைந்த கொடிறாயின் மருத்துவர் அஞ்சார். மேற்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியாற் பிணித்துச் சில வாரம் அசையாமல் நிறுத்தினால், எலும்பு தானே கூடும். புற்றினால் உடைந்ததோ அவ்வாறு கூடாது. முறிந்த இரு முனையிலும் நோயே நிற்றலின், அப்பகுதியை வெட்டியெடுத்தல் வேண்டும். பாதித் தாடை போனவர் முகம் ஒருபுறம் ஒடுங்கும்; சொல் குழறும்; கஞ்சியும் வழியும். அத்துணை இழந்தும் நோய் மீண்டும் தலைகாட்டுதல் உண்டு. கதிர்ச் சிகிச்சை மட்டும் செய்தாலோ, எலும்புவரை சென்ற புற்று எளிதில் அடங்காது. கதிர்பட்ட எலும்பு பின்னாளிற் பட்டுப்போதலும் உண்டு. எதனை முன் செய்வது, எதனோடு எதனைச் சேர்ப்பது, எவ்வளவு வெட்டாமல் விடலாம் என்பனவே அடையாற்று மருத்துவர்முன் நின்ற வினாக்கள்.

அவ்வினாக்களை எடுத்துக்கொண்டவர் இருவர். ஒருவர் அம்மையாரின் மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி; மற்றவர் 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா. முதலில் அவர்கள் நோயின் வேரை நாடினர். வாய்ப் புற்றுடையோரையும் அஃதில்லாதாரையும் மெல்லும் பழக்கம் முதலியன வினாவி ஒப்பிட்ட அவ்வாராய்ச்சி 1959-இல் இங்கிலாந்தின் புற்றுநோய் இதழில் வெளிவந்தது. புகையிலை மெல்லுதலுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைத் தமிழ் நாட்டு நோயாளரைக் கொண்டே அது காட்டிற்று. பின்னர்ச் சத்திரமும் கதிரும் மருந்தும் கூட்டிச் செய்யும் முறைகளைப் பல்லாண்டு சோதித்தனர். கதிரோடு பிளியோமைசின் என்னும் மருந்தைச் சேர்த்து நடத்திய வாய்ப் புற்று ஆய்வை 1980-இல் வெளியிட்டனர். கன்னப் புற்றுடையார் சிலரேனும் தாடையை இழவாமலே பிழைக்கும் வழி இத்தகைய சோதனைகளினாலேதான் திறந்தது. மேனாட்டில் வாய்ப் புற்று இவ்வளவு மிகுதியன்று. ஆகலின் நம் நோயை நாமே ஆராய்தல் வேண்டியிருந்தது. கட்டில்களோடு ஆராய்ச்சியும் வேண்டுமென்று அம்மையார் தொடக்கத்திலேயே கருதியதன் நுட்பம் இங்கே விளங்கும்.

அம்மையார் கிறிஸ்தவரல்லர். எனினும் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் செய்த பணியை அறிந்த நம் போன்றோர், வழியிற் கிடந்தாரைக் கண்டு விலகிச் செல்லாத அவ்வுள்ளம் எச்சமயத்தார்க்கும் பொதுவென்பதை உணர்வோம். ஒரு வேறுபாடு மட்டும் சொல்லத்தகும். ஸ்கடர் அம்மையார்க்குக் கடலுக்கு அப்பாலுள்ள சபைகள் துணை நின்றன. இவர்க்கு அத்தகைய துணையில்லை. சென்னை நகரத்து வாயில்களையே தட்ட வேண்டியிருந்தது.

1956-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்தது. 1968 ஜூலை 22-ஆம் நாள், எண்பத்திரண்டு நிறைவதற்கு எட்டு நாள் எஞ்சியிருக்க, அம்மையார் மறைந்தார். கிருஷ்ணமூர்த்தி 2010-இல் காலமாகும் வரை அப்பணியிலேயே நின்றார். சாந்தா அம்மையார் மணம் புரியாது, அம்மருத்துவமனையின் வளாகத்திலேயே குடியிருந்து, அறுபத்தைந்து ஆண்டுகட்கு மேல் நோயாளரைப் பார்த்து 2021-இல் மறைந்தார். பன்னிரண்டு கட்டில்கள் இன்று பல நூறாயின. அம்மையார் பிறந்த ஜூலை 30-ஆம் நாளைத் தமிழ் நாட்டரசு மருத்துவமனை நாளாகக் கொண்டாடுகின்றது.