வெட்டவெளியே ஓவியக்கூடம்

கிழக்கே சிறுமலையும் மேற்கே பழனிமலைத் தொடரும் அரணாக அமைய, இடையே ஒற்றைப் பாறை ஓங்கி நிற்கும் சமவெளி திண்டுக்கல். இவ்வட்டாரத்தின் இயற்கை எழிலை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓவியமாக்கி உலகறியச் செய்தவர், தாமஸ் டேனியல் என்னும் ஆங்கிலேயர்.

இங்கிலாந்தில் 1749ஆம் ஆண்டு விடுதிக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த டேனியல், இளமையில் குதிரை வண்டிகளுக்கு வண்ணம் தீட்டும் தொழிலைக் கற்றார். பிறர் தந்த குலச்சின்னங்களை மீண்டும் மீண்டும் எழுதுவதே அத்தொழில். நிலக்காட்சி ஓவியராக வேண்டும் என்னும் வேட்கையால் 1773இல் இலண்டன் அரச கலைக்கழகப் பள்ளியில் சேர்ந்தார். எனினும், ஓவியர் நிறைந்த அந்நகரில் அவருக்குப் பெரும்புகழ் வாய்க்கவில்லை. தளராத டேனியல், 1785இல் தம் உடன்பிறந்தாரின் மகன் வில்லியமுடன் கப்பலேறிச் சீனத்தின் வழியாகக் கல்கத்தாவை அடைந்தார்.

வடஇந்தியப் பயணத்தில் தீட்டிய ஓவியங்களைப் பரிசுச்சீட்டு முறையில் விற்று, அப்பணத்தைக் கொண்டு 1792இல் சென்னையிலிருந்து தென்னகப் பயணம் தொடங்கினார். மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து, திண்டுக்கல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் வசம் சென்ற ஆண்டு அது. போர் திறந்துவிட்ட பாதைகளிலேயே ஓவியரும் சென்றார். பல்லக்குச் சுமந்தோரும் பொதி சுமந்தோரும் இன்றி அப்பயணம் நிகழ்ந்திராது. அவர்தம் பெயர்களோ ஓவியங்களில் இடம்பெறவில்லை.

ஒளிப்படக் கருவி தோன்றாத காலம் அது. எதிரிலுள்ள காட்சியைத் தாளின்மீது விழச்செய்யும் இருட்டுப்பெட்டியின் துணையால் மலையின் விளிம்பையும் கோபுரத்தின் அளவையும் பென்சிலால் வரைந்துகொள்வார். பின்னர் மெல்லிய நீர்வண்ணம் பூசுவார். வண்டிப் பலகையில் பழகிய கை, வெயிலும் நிழலும் நொடிதோறும் மாறும் வெட்டவெளியில் புதிதாகக் கற்கத் தொடங்கியது. பிறர் வகுத்த வடிவத்தை எழுதிய நிலை மாறி, தம் கண் கண்டதை எழுதும் உரிமை அவருக்குக் கிட்டியது. ஒருகாலத்தில் ஊதியத்துக்காக இயங்கிய தூரிகை, இப்போது உவகையால் இயங்கியது.

1794இல் தாயகம் திரும்பிய இருவரும், செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் முறையில் 144 ஓவியங்களை 1795 முதல் 1808 வரை வெளியிட்டனர். கீழைநாட்டுக் காட்சிகள் எனப் பொருள்படும் அத்தொகுப்பில் தஞ்சைப் பெரிய கோயில், திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை, பாபநாசம் அருவி ஆகியவற்றோடு திண்டுக்கல் வட்டாரத்து ஆத்தூரும் இடம்பெற்றது. புகழ்பெற்ற கோட்டைகளுக்கும் கோயில்களுக்கும் இணையாக ஒரு சிற்றூரின் நிலமும் ஓவியத்திற்குரிய பொருளாயிற்று.

1799இல் அரச கலைக்கழகத்தின் முழு உறுப்பினராகத் தேர்வுபெற்ற டேனியல், 1840இல் மறைந்தார். இலண்டன் தராத பெயரை அவருக்குத் தந்தவை இந்நாட்டின் மலைகளும் வெளிகளுமே. நாள்தோறும் காண்பதாலேயே நாம் கூர்ந்து நோக்காமல் கடந்துபோகும் அதே மலைகள், ஆத்தூர்ச் சமவெளியின் விளிம்பில் இன்றும் நிற்கின்றன.