கல்மரத்தை அடையாளம் காட்டிய எம்.எஸ்.கிருஷ்ணன்.. திருச்சியில் படித்தவர் 100 ஆண்டு வழக்கத்தை மாற்றியது எப்படி?

பிளஸ் 2 முடித்த பிள்ளை ஜியாலஜி படிக்கப் போகிறேன் என்று சொன்னால், பெரும்பாலான வீடுகளில் ஒரு கேள்விதான் வரும். கல்லையும் மண்ணையும் படிச்சு என்ன ஆகப் போகுது? அந்தக் கேள்விக்கான பதில், சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்த ஒரு தஞ்சாவூர்க்காரரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர்தான் மகாராஜபுரம் சீதாராமன் கிருஷ்ணன். சுருக்கமாக எம்.எஸ்.கிருஷ்ணன்.

யார் இவர்?

1898 ஆகஸ்ட் 24-ல் பிறந்தவர். சொந்த ஊர் தஞ்சை மாவட்டம் மகாராஜபுரம். கல்லூரிப் படிப்புக்கு அவர் வந்த இடம் திருச்சி புனித வளனார் கல்லூரி. ஆம், பின்னாளில் அப்துல் கலாம் படித்த அதே செயின்ட் ஜோசப் கல்லூரிதான். அங்கிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்குச் சென்று நிலவியலில் பட்டம் பெற்றார். பிறகு லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கினார்.

1924-ல் இந்தியா திரும்பியவருக்கு ஜி.எஸ்.ஐ. எனப்படும் இந்திய புவியியல் ஆய்வுத் துறையில் வேலை கிடைத்தது. தலைமையகம் கல்கத்தா. வேலையோ பெரும்பாலும் வெளியில்தான். மழை இல்லாத மாதங்களில் முகாம் போட்டு, நடந்தே நிலத்தை அளந்து, எந்த இடத்தில் எந்தப் பாறை என்று வரைபடம் போட வேண்டும்.

அவர் சேர்ந்த துறை எப்படி இருந்தது?

ஜி.எஸ்.ஐ. தொடங்கப்பட்டது 1851-ல். ரயிலுக்கு நிலக்கரி தேவை என்பதுதான் அப்போது ஆங்கிலேயர்களின் முதல் கவலை. இந்திய மண்ணை ஆராயும் அந்தத் துறையில், உயர் பதவியில் இந்தியர்களைப் பார்ப்பதே அபூர்வம்.

அதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. பிரமதநாத் போஸ் என்ற வங்காள நிலவியலாளர் 1880-ல் இந்தத் துறையில் சேர்ந்தார். அவரைவிட அனுபவம் குறைந்த ஆங்கிலேயர் தாமஸ் ஹாலந்து தலைமைப் பதவிக்கு உயர்த்தப்பட்டார். போஸ் 1903-ல் வேலையை விட்டு விலகினார். பிறகு அவர் சுட்டிக்காட்டிய மயூர்பஞ்ச் இரும்புத் தாதுதான், ஜாம்ஷெட்பூரில் டாடா இரும்பு ஆலை அமையவே காரணமானது. திறமை இருந்தும் நாற்காலி கிடைக்கவில்லை. நிலைமை அப்படி.

சாத்தனூரில் என்ன நடந்தது?

திருச்சிக்கு வடக்கே, இன்றைய பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது சாத்தனூர். அந்தக் காலத்தில் அதுவும் திருச்சி மாவட்டம்தான். அங்கே சுமார் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. தொட்டுப் பார்த்தால் கல்! 1940-ல் இதை முதன்முதலில் ஆய்வு உலகுக்குத் தெரிவித்தவர் எம்.எஸ்.கிருஷ்ணன். இதன் வயது சுமார் 12 கோடி ஆண்டுகள் என்று சொல்லப்படுகிறது.

மரம் எப்படிக் கல்லாகும்? ரொம்ப சிம்பிள். அப்போது இந்தப் பகுதி கடலோரம். அடித்து வரப்பட்ட மரம், ஆழமில்லாத கடலில் மண்ணுக்குள் புதைந்தது. காற்றுப் படாததால் சீக்கிரம் மக்கவில்லை. மண்ணுக்குள் ஊறிய தண்ணீரில் இருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணிய அறைகளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது. மரம் போய், மரத்தின் வடிவம் மட்டும் கல்லாக நின்றுவிட்டது.

இந்தக் கடலின் தடயம் சாத்தனூரோடு முடியவில்லை. காரை கிராமத்துச் செம்மண் ஓடைகளில் கடல் உயிரினங்களின் படிமங்கள் கிடைக்கின்றன. கல்லக்குடி, அரியலூர் சிமென்ட் ஆலைகள் தோண்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுச் சென்றதுதான். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற பெயர்களிலேயே இந்தப் பாறைத் தொகுதிகளை உலக நிலவியலாளர்கள் அழைக்கிறார்கள். 1862-ல் பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் வைத்த பெயர்கள் இவை.

இன்னொரு விஷயமும் உண்டு. இதே கடல் காலத்துப் பாறைகள் கிழக்கே போகப் போக ஆழத்தில் புதைந்து, தஞ்சை, நாகை வயல்களுக்கு அடியில் கிடக்கின்றன. டெல்டாவில் எண்ணெய், எரிவாயு தேடுவதும், அதை எதிர்த்து விவசாயிகள் போராடுவதும் அந்தப் பாறைகளை முன்வைத்துத்தான்.

100 ஆண்டுகள் கழித்து வந்த நாற்காலி

1943-ல் கிருஷ்ணனின் புத்தகம் வெளியானது. இந்தியா, பர்மாவின் நிலவியலை ஒரே நூலில் தொகுத்த அது, பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாக இருந்தது. அவர் மறைவுக்குப் பிறகும் பதிப்புகள் வந்தன.

1951-ல் ஜி.எஸ்.ஐ.யின் இயக்குநர் ஆனார் கிருஷ்ணன். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். துறை தொடங்கி சரியாக 100 ஆண்டுகள். அப்போது சுதந்திர இந்தியா முதல் ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கிக்கொண்டிருந்தது. அணை எங்கே கட்டலாம், இரும்பு எங்கே, நிலக்கரி எங்கே என எல்லாக் கேள்விக்கும் பாறை தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

1955-ல் ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. கல்வி நிறுவனங்களில் பணியாற்றினார். 1961-ல் ஹைதராபாத்தில் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் உருவானபோது அதன் முதல் இயக்குநரும் அவரே. 1970-ல் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 24-ல் காலமானார்.

இன்று திருச்சியில் இதைப் படிக்கலாமா?

கிருஷ்ணன் நிலவியல் பட்டம் வாங்க சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. இன்று திருச்சி நேஷனல் கல்லூரியிலேயே நிலவியல் துறை இருக்கிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் காஜாமலை வளாகத்தில், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராயும் தொலையுணர்வுத் துறை செயல்படுகிறது.

பெயர்க் குழப்பம் வேண்டாம். பள்ளியில் படிக்கும் புவியியல் என்பது ஜியாகிரபி. இங்கே சொல்வது ஜியாலஜி, அதாவது நிலவியல். சில அரசுத் துறைகளின் பெயரில் ஜியாலஜியையும் புவியியல் என்றே எழுதுவார்கள். விண்ணப்பிக்கும் முன் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை? முதுகலை முடித்தவர்கள் யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வை எழுதி ஜி.எஸ்.ஐ.க்கோ, மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கோ போகலாம். சுரங்கம், எண்ணெய், சிமென்ட் நிறுவனங்களிலும் வாய்ப்பு உண்டு. ஆனால் வெயிலில் நடக்கத் தயாராக இருக்க வேண்டும். ஏசி அறை வேலை மட்டும்தான் வேணும் என்றால் இது சரிப்படாது.

திருச்சி மாணவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி. ஸ்ரீரங்கம் நிற்பது காவிரியும் கொள்ளிடமும் கொண்டுவந்து சேர்த்த மண்ணில். ஆற்றைத் தாண்டினால், சுமார் 83 மீட்டர் உயர மலைக்கோட்டைப் பாறை. அது டைனோசர் காலத்தைவிடப் பல மடங்கு பழையது. வடக்கே பஸ் ஏறினால் பழைய கடலின் தரை. பாறை, கடல், ஆறு என மூன்று பாடமும் ஒரே நாளில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும் தூரத்தில்தான் இருக்கின்றன. கல்லைப் படித்து என்ன ஆகும் என்று கேட்பவர்களை, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாத்தனூருக்கு அழைத்துப் போங்கள்.