மாமனாரின் ஆட்சியைக் கேள்வி கேட்ட மருமகன்

ஊழலை அம்பலப்படுத்துவது எதிர்க்கட்சியின் வேலை மட்டுமே என்று சொல்பவர்களுக்கு நான் பெரோஸ் காந்தியின் வாழ்க்கையை எடுத்துக்காட்டுவேன்.

1912இல் பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். மாணவப் பருவத்திலேயே இந்திய விடுதலைப் போராட்டத்தில் இறங்கிச் சிறை சென்றார். 1942இல் ஜவஹர்லால் நேருவின் மகள் இந்திராவை மணந்தார். 'நேஷனல் ஹெரால்டு' நாளிதழின் நிர்வாகத்தைக் கவனித்த அவர், 1952 தேர்தலில் வென்று நாடாளுமன்றம் சென்றார்.

பொதுமக்கள் காப்புறுதிக்காகக் கட்டிய பணத்தைத் தொழிலதிபர் டால்மியா தவறாகப் பயன்படுத்தியதை 1955இல் அவர் அவையில் விளக்கினார். மறு ஆண்டே ஆயுள் காப்புறுதித் தொழில் நாட்டுடைமையானது.

அவையில் பேசுபவருக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தது. ஆனால், அதைச் செய்தியாக வெளியிடும் பத்திரிகைமீது அவதூறு வழக்குத் தொடர முடிந்தது. இதை மாற்ற பெரோஸ் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1956இல் அது சட்டமானது. அவருடைய பணிகளில் இதையே நான் மிகப் பெரியதாகக் கருதுகிறேன். மக்கள் காதுக்கு எட்டாத கேள்விக்குப் பலம் ஏது?

1957 தேர்தலில் 494 இடங்களில் காங்கிரஸ் 371ஐ வென்றது. எதிர்க்கட்சிகள் மெலிந்திருந்த அந்த அவையில், ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸே எழுந்தார். அரசுக்குச் சொந்தமான ஆயுள் காப்புறுதிக் கழகம், முந்த்ரா என்ற வணிகரின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாயை முதலீடு செய்திருந்தது. கழகத்தின் முதலீட்டுக் குழுவையே கலந்து பேசவில்லை. விவரங்களைத் திரட்டி வைத்துக்கொண்டு பெரோஸ் விளக்கம் கேட்டார். பிரதமரோ அவருடைய மாமனார் நேரு!

நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. கூட்டம் பெருகியதால் வெளியே ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. சில வாரங்களிலேயே அறிக்கை வந்தது. அதிகாரிகளின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்றது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். முந்த்ரா சிறை சென்றார்.

1960இல், 48 வயது நிறைவதற்குச் சில நாள் முன்பு, பெரோஸ் மாரடைப்பால் மறைந்தார். நெருக்கடி நிலையின்போது, 1976இல், அவர் கொண்டுவந்த சட்டத்தை ரத்து செய்தது அவருடைய மனைவி இந்திராவின் அரசு. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் அது மீண்டும் உயிர்பெற்றது.

இன்று கைப்பேசியைத் திறந்தாலே ஏதாவதொரு தலைவர்மீது குற்றச்சாட்டு வந்து விழுகிறது. அவற்றுள் எது உண்மை, எது போட்டியாளரைச் சாய்க்க வீசப்பட்ட சேறு? மாணவர்களே, நான் மூன்றைப் பார்க்கிறேன்: சான்று இருக்கிறதா? விசாரணை வெளிப்படையாக நடக்கிறதா? அதைப் பத்திரிகைகள் அச்சமின்றி எழுத முடிகிறதா? இம்மூன்றும் இல்லாத இடத்தில் குற்றச்சாட்டு வெறும் தேர்தல் ஆயுதமாகிவிடும். இருக்கும் இடத்தில், பிரதமரின் மருமகன்கூட மக்களின் காவலராக நிற்கலாம்.