உயிரணுவின் சுவாசத்தை அளந்தவர்

ஆட்டோ வார்பர்க் 1883 ஆம் ஆண்டு அக்டோபர் 8 ஆம் நாள் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் பிறந்தார். தந்தை எமில் வார்பர்க் புகழ்பெற்ற இயற்பியல் பேராசிரியர். (குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என் போன்றோருக்குச் சற்றே பொறாமை எழுவது இயல்பு!) எமில் பிஷரிடம் வேதியியல் பயின்று 1906 இல் டாக்டர் பட்டமும், 1911 இல் மருத்துவத்தில் மற்றொன்றும் பெற்றார். முதல் உலகப் போரில் குதிரைப்படையில் சேர்ந்து காயமுற்ற அவரை, ஆய்வுக்குத் திரும்புமாறு 1918 இல் ஐன்ஸ்டீன் கடிதம் எழுதி வேண்டினார்.

திரும்பியவர் புற்றுநோயை எடுத்துக்கொண்டார். எலியின் கல்லீரல், சிறுநீரகம், புற்றுக்கட்டி ஆகியவற்றை அரை மில்லிமீட்டரினும் மெல்லிய சீவல்களாக அரிந்து, கரைசலில் இட்டு, அவை உட்கொள்ளும் ஆக்சிஜனை அழுத்தமானியால் அளந்தார். ஆக்சிஜன் இருக்கையில் நல்ல கல்லீரல் லாக்டிக் அமிலத்தை மிகச் சிறிதே உண்டாக்கியது. புற்றோ, ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் குளுக்கோசை நொதிக்கச் செய்து அமிலத்தைக் கொட்டியது. தயிரைப் புளிக்க வைக்கும் அதே அமிலந்தான்! நொதித்தலில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு தருவது 2 ஏ.டி.பி. மட்டுமே, சுவாசத்தில் கிடைப்பதோ அதைப்போல் பன்மடங்கு. இத்தனை நட்டத்தில் ஓர் உயிரணு ஏன் வாணிகம் செய்ய வேண்டும்? சுவாசம் பழுதுபட்டதே காரணம், புற்றின் தோற்றுவாயும் அதுவே என்று வார்பர்க் முடிவு கட்டினார். 1931 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது; அது சுவாச நொதியை ஆராய்ந்தமைக்காக.

தந்தை வழியில் யூதரான அவர் ஹிட்லர் ஆட்சியிலும் நாட்டை விட்டு நீங்கவில்லை. 1941 இல் பதவி பறிபோயிற்று. புற்றுநோய் ஆய்வைத் தொடரட்டும் என்று விரைவிலேயே திரும்பக் கிடைத்தது. எத்தனையோ பேர் நாடிழந்து நிற்கையில் நேர்ந்த இதனைப் பெருமையாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவர் கொள்கைக்கு எதிராகச் சாட்சி சொன்னது கல்லீரல் புற்றே. அமெரிக்காவில் ஹெரால்ட் மாரிஸ் எலிகளில் உருவாக்கிய, மெதுவாக வளரும் கல்லீரல் புற்றுகளை 1960 களில் சிட்னி வைன்ஹவுஸ் முதலியோர் ஆராய்ந்தனர். அவற்றில் சுவாசம் செவ்வனே நடந்தது. அமிலமோ மிகக் குறைவு. விரைந்து வளரும் கட்டிகளில்தான் அது மிகுந்திருந்தது. வார்பர்க் இணங்கினாரா? இல்லை. 1966 இல் லிண்டாவ் மாநாட்டிலும் பழைய கொள்கையையே வலியுறுத்தினார்.

அவர் அளக்காமல் விட்டது, அந்த அமிலம் கட்டியின் அக்கம்பக்கத்தில் செய்யும் வேலை. புற்றைத் தாக்க வரும் டி லிம்ப்பணுக்களும் போரிடுவதற்குக் குளுக்கோசையே பெரிதும் நம்புகின்றன. கட்டி அதைத் தின்று தீர்க்கிறது. வெளியேற்றும் அமிலமோ அவற்றைச் சோர்ந்து விழச் செய்கிறது. நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகள் கல்லீரல் புற்று நோயாளிகள் பலரிடம் ஏன் பலிப்பதில்லை என்று தேடும் ஆய்வாளர்கள் இன்று இந்த அமிலத்தையும் அளக்கிறார்கள்.

வார்பர்க் 1970 ஆகஸ்ட் 1 ஆம் நாள், தம் 86 ஆம் வயதில் பெர்லினில் காலமானார். அதுவரை அவர் ஓய்வு பெறவில்லை.