பி. பி. கஜேந்திரகட்கர்

பிரகலாத் பாலாச்சார்ய கஜேந்திரகட்கர் (மார்ச் 16, 1901 - ஜூன் 12, 1981) இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஏழாவது தலைமை நீதிபதி ஆவார். நீதிமன்றத்தை அணுகும் உரிமைக்கு விதிகளாலும் ஆணைகளாலும் எழும் தடைகள் எதுவரை செல்லலாம் என்பது குறித்த இவரது தீர்ப்புகள் குறிப்பிடத்தக்கவை.

வாழ்க்கை

மகாராட்டிரத்தின் சாத்தாராவில் பிறந்தார். தந்தையார் வடமொழி அறிஞர். புனேயில் சட்டம் பயின்று பம்பாயில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார். 1945இல் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் 1957இல் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் நியமிக்கப்பட்டார். 1964 பெப்ரவரி முதல் 1966 மார்ச் வரை தலைமை நீதிபதியாக இருந்தார்.

பிணைத்தொகை வழக்கு

அடிப்படை உரிமை மீறப்பட்டால் உச்ச நீதிமன்றத்தை நேரடியாக நாடுவதை அரசியலமைப்பின் பிரிவு 32 ஓர் அடிப்படை உரிமையாகவே வைத்துள்ளது. பிரேம் சந்த் கார்க் என்பவரும் மற்றொருவரும் அவ்வாறு தொடுத்த மனுவில், எதிர்த்தரப்பின் செலவுக்குப் பிணையாக 2,500 ரூபாய் செலுத்துமாறு ஆணையிடப்பட்டது. அன்று அது சிறிய தொகையன்று. இதற்கு இடமளித்த விதியை இயற்றியது உச்ச நீதிமன்றமே என்பதால், தன் விதியைத் தானே சோதிக்கும் நிலை அதற்கு ஏற்பட்டது. 1962 நவம்பரில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய கஜேந்திரகட்கர், பணம் கட்ட இயலாதவரின் மனு விசாரணையின்றியே தள்ளுபடியாகும் என்பதால் பிணை கோரும் அப்பகுதி செல்லாது என்றார். முழு நீதி வழங்க நீதிமன்றத்துக்குள்ள தனி அதிகாரமும் அடிப்படை உரிமையை மீற இயலாது என்றும் முடிவு செய்தார். நீதிபதி ஜே. சி. ஷா உடன்படவில்லை. 1988இல் அந்துலே வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தீர்ப்பைச் சார்ந்தே தன் முந்தைய ஆணையொன்றைத் திரும்பப் பெற்றது.

நெருக்கடி நிலை

சீனப் போரையொட்டிய நெருக்கடி நிலையில் இவரது நிலைப்பாடு வேறாக இருந்தது. 1963இல் மக்கன் சிங் வழக்கில், குடியரசுத் தலைவரின் ஆணை நடப்பிலுள்ளவரை, தடுப்புக் காவலில் உள்ளோர் அவ்வாணை குறிப்பிடும் உரிமைகளுக்காக எந்த நீதிமன்றத்தையும் நாட இயலாது என்று தீர்ப்பளித்தார். எனினும் காவல் ஆணை தீய நோக்குடையது, சட்டத்துக்குப் புறம்பானது போன்ற காரணங்களைக் கூறி வழக்காட வழி விடப்பட்டது. நீதிபதி சுப்பாராவ் மாறுபட்டார். 2,500 ரூபாயைப் பெருந்தடையாகக் கண்டவர் இதனை ஏற்றது வியப்புக்குரியதே.

கேசவ் சிங் விவகாரம்

1964 மார்ச்சில் உத்தரப் பிரதேசச் சட்டப் பேரவை கேசவ் சிங் என்பவரை அவமதிப்புக்காகச் சிறையிலிட்டது. அவருக்குப் பிணை வழங்கிய இரு உயர் நீதிமன்ற நீதிபதிகளையும், மனுத் தாக்கல் செய்த வழக்கறிஞரையும் கைது செய்து நிறுத்துமாறு பேரவை தீர்மானித்தது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். மனுவை விசாரிக்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, அதனை நாடியவரோ விசாரித்தவரோ பேரவையை அவமதித்தவராகார் என்பதே கஜேந்திரகட்கர் எழுதிய பெரும்பான்மைக் கருத்து. கேசவ் சிங்கின் மனு 1965இல் தள்ளுபடியானது.

ஓய்வுக்குப் பின் பம்பாய்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும், 1971 முதல் 1977 வரை சட்ட ஆணையத் தலைவராகவும் பணியாற்றினார். 1972இல் பத்ம விபூசண் விருது பெற்றார்.